இமைமுடி நிமிர்த்தல்: இயல்பான அழகும் கண்ணின் நலமும்

முகூர்த்த மாதங்கள் நெருங்கும்போது எங்கள் கண் பிரிவுக்கு வருவோரிடமிருந்து ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. “லேஷ் லிஃப்ட் செய்துகொள்ளலாமா? செய்தால் பார்ப்பதற்கு இயல்பாக இருக்குமா? கண்ணுக்குத் தீங்கு வருமா?” மணப்பெண்களும், அவர்களை அழைத்து வரும் தாய்மார்களும் இவ்வாறு கேட்கின்றனர். புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து இமைமுடி மீண்டும் முளைத்து வரும் நிலையில் உள்ளவர்களும் தயக்கத்துடன் இதே கேள்வியை முன்வைக்கின்றனர். முன்னர் பெருநகரங்களில் மட்டும் பேசப்பட்ட இந்த ஒப்பனை முறை இன்று போடிநாயக்கனூர், தேனி போன்ற ஊர்களின் இளம்பெண்களுக்கும் அறிமுகமாகிவிட்டது. ஆகவே, இதனைப் பற்றி நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிந்திருக்க வேண்டியவற்றை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

அழகு செய்துகொள்ளும் விருப்பத்தை நாங்கள் குறை கூறவில்லை. நோயிலிருந்து மீண்டு வரும் ஒருவருக்குக் கண்ணாடியில் தம் முகம் பழையபடி தெரிவது எத்தனை பெரிய ஆறுதல் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும், இம்முறையில் பயன்படும் வேதிப்பொருள் கருவிழிக்குச் சில மில்லிமீட்டர் தொலைவில் பூசப்படுகிறது. அதனால்தான் முடிவெடுக்கும் முன் சில செய்திகளைத் தெரிந்துகொள்ள வேண்டுகிறோம்.

இமைமுடி எதற்காக?

மேலிமையில் ஏறத்தாழ 90 முதல் 150 முடிகளும், கீழிமையில் 70 முதல் 80 முடிகளும் உள்ளன. மேலிமை முடியின் நீளம் பொதுவாக 8 முதல் 12 மில்லிமீட்டர். தலைமுடியைப் போல இவையும் வளர்ந்து, ஓய்வெடுத்து, உதிர்ந்து, மீண்டும் முளைக்கின்றன. நாள்தோறும் ஓரிரு முடிகள் உதிர்வது இயல்பே. வேரோடு உதிர்ந்த முடி மறுபடி முழு நீளம் பெறச் சில மாதங்கள் ஆகும்.

இமைமுடி வெறும் அணிகலன் அன்று. அதன் வேர்கள் தொடுவுணர்வு மிக்கவை. ஒரு தூசி பட்டவுடன் கண் தானாக மூடிக்கொள்வது இதனால்தான். 2015-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 22 வகைப் பாலூட்டிகளின் இமைமுடிகளை அளந்து ஒரு சுவையான உண்மையைக் கண்டனர். அவ்வுயிர்களின் இமைமுடி நீளம் கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக இருந்தது. அந்த நீளத்தில் இருக்கும்போது முடி காற்றின் வேகத்தைக் கண்ணருகே தணித்து, கண்ணீர் ஆவியாவதையும் தூசி படிவதையும் பாதியளவு வரை குறைக்கிறது. முடி அதைவிட மிகுதியாக நீண்டால் காற்றைக் கண்ணை நோக்கியே திருப்பிவிடுகிறது.

நம் பகுதியினருக்கு இச்செய்தி மிகவும் பொருந்தும். ஆடிக்காற்று வீசும் மாதங்களில் போடியின் தெருக்களில் நடப்பவருக்கும், விடியற்காலையில் ஜீப்பில் போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குச் செல்லும் தொழிலாளருக்கும் இமைமுடியே முதற்காவல். இயற்கை அளந்து கொடுத்த நீளமும் வளைவும் பார்வைக்கு அழகாகவும் காவலுக்கு ஏற்றவையாகவும் அமைந்துள்ளன. ‘இயல்பான தோற்றம்’ என்று நாங்கள் கூறுவது அந்த அளவை ஒட்டி நிற்பதையே.

லேஷ் லிஃப்ட் என்பது என்ன?

இதில் செயற்கை முடி ஒட்டப்படுவதில்லை. உள்ள முடியையே வேரிலிருந்து மேல்நோக்கி நிமிர்த்தி வளைப்பதே இம்முறை. தலைமுடியைச் சுருட்டும் ‘பெர்மிங்’ முறையின் சிறிய வடிவம் என்று இதனைச் சொல்லலாம்.

முடி கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அப்புரத இழைகளைக் கந்தக அணுக்களுக்கு இடையிலான பிணைப்புகள் பிடித்து வைத்திருக்கின்றன. முடி நேராக இருப்பதும் வளைந்திருப்பதும் இப்பிணைப்புகளைப் பொறுத்ததே. முதலில், மூடிய இமையின் மீது வளைந்த சிலிக்கோன் பட்டை ஒன்றைப் பொருத்தி, இமைமுடிகளைப் பசையால் அதன்மேல் படிய வைக்கின்றனர். பின்னர்த் தயோகிளைகோலேட் அல்லது சிஸ்டியமின் வகையைச் சேர்ந்த கரைசலைப் பூசுகின்றனர். அது கந்தகப் பிணைப்புகளைத் தளர்த்துகிறது. குறித்த நேரம் கழிந்ததும் அதனைத் துடைத்துவிட்டு இரண்டாவது கரைசலைப் பூசுகின்றனர். அது தளர்ந்த பிணைப்புகளைப் புதிய வளைவில் மீண்டும் இறுக்குகிறது. பணி முழுவதும் முடிய ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். அதுவரை கண்களை மூடியபடி அசையாமல் படுத்திருக்க வேண்டும்.

வளைவு பொதுவாக ஆறு முதல் எட்டு வாரங்கள் நிலைக்கும். வளைக்கப்பட்ட முடிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, புதிய முடிகள் தம் இயல்பான வடிவில் முளைப்பதால் விளைவு படிப்படியாக மறைகிறது.

இயல்பாகத் தோன்றுவது எதைப் பொறுத்தது?

சிலருக்கு இம்முறையால் கண் மலர்ந்ததுபோல் தெரிகிறது. வேறு சிலருக்கு முடி பின்னோக்கி மடிந்து இமைத்தோலைத் தொடுகிறது, அல்லது நுனி கருகியதுபோல் சுருண்டு நிற்கிறது. இவ்வேறுபாட்டுக்குக் காரணங்கள் ஐந்து.

முதலாவது, பட்டையின் அளவு. சிறிய பட்டை முடியை இறுக்கமாகச் சுருட்டும். பெரிய பட்டை மென்மையான வளைவைத் தரும். நீளமான முடியைச் சிறிய பட்டையில் ஏற்றினால் நுனி பட்டையைத் தாண்டி மடங்கிவிடும். முடியின் நுனி பட்டையின் உச்சியைக் கடக்காதவாறு அளவைத் தேர்ந்தெடுப்பதே முறை. ஐயம் இருந்தால் ஓர் அளவு பெரியதைக் கேளுங்கள்.

இரண்டாவது, கரைசல் பூசப்படும் இடம். முடியின் அடிப்பகுதியிலிருந்து நடுப்பகுதி வரை பூசினால் போதுமானது. நுனி மெல்லியது. அங்கே கரைசல் பட்டால் நுனி வறண்டு முறுக்கிக்கொள்ளும். தோலிலும் இமை விளிம்பிலும் கரைசல் படவே கூடாது.

மூன்றாவது, நேரம். தடித்த முடிக்குத் தேவையான நேரம் மெல்லிய முடிக்குத் தேவையில்லை. தயாரிப்பாளர் குறித்த நேரத்தைவிடக் கூடுதலாக வைத்தால் வளைவு கூடும் என்பது தவறான எண்ணம். பிணைப்புகள் அளவுக்கு மீறி உடைந்து முடி நொய்ந்து போவதே நிகழும்.

நான்காவது, முடிகளைப் பிரித்து அடுக்குதல். பட்டையின்மேல் முடிகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காகக் கிடந்தால், அதே கோணலில்தான் அவை பல வாரங்கள் நிற்கும். ஒவ்வொரு முடியையும் இணையாக அடுக்குவதற்குப் பொறுமை வேண்டும். அவசரமாக முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் இடத்தைத் தவிர்ப்பது நல்லது.

ஐந்தாவது, இடைவெளி. வளைவு மறையத் தொடங்கியதும் உடனே மறுபடி செய்துகொள்ளும் ஆசை எழும். முன்பே வளைக்கப்பட்ட முடியில் மீண்டும் கரைசல் பட்டால் அது முறியும். குறைந்தது எட்டு வாரங்கள் காத்திருங்கள்.

திருமணத்துக்காகச் செய்துகொள்வோர் முகூர்த்தத்துக்கு முந்தைய நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். ஒன்று அல்லது இரண்டு வாரங்களுக்கு முன்னரே முடித்துக்கொண்டால், ஒவ்வாமை ஏதும் தோன்றினால் அது அடங்கக் காலம் கிடைக்கும்.

சாயம் வேண்டுமா?

லேஷ் லிஃப்ட்டுடன் இமைமுடிக்குக் கறுப்புச் சாயம் பூசிக்கொள்ளலாம் என்று சில இடங்களில் பரிந்துரைக்கின்றனர். வெளிர்நிற முடி உடைய மேலை நாட்டவருக்காகத் தோன்றிய வழக்கம் இது. நம்மவரின் இமைமுடி இயல்பிலேயே கறுப்பு. ஆதலால் பெரும்பாலோர்க்கு இச்சாயம் தேவையற்றது.

தேவையற்றது மட்டுமன்று, ஆபத்தும் உண்டு. 1930-களில் அமெரிக்காவில் ‘லேஷ் லூர்’ என்னும் இமைச்சாயம் விற்கப்பட்டது. அதில் பாராஃபெனிலின்டையமின் வகையைச் சேர்ந்த சாயப்பொருள் இருந்தது. அதைப் பூசிக்கொண்ட பெண்கள் சிலர் கடும் ஒவ்வாமையாலும் கிருமித் தொற்றாலும் பார்வை இழந்தனர். உயிரிழப்பும் நேர்ந்தது. ஒப்பனைப் பொருள்களையும் அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்த 1938-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டத்துக்கு வழிவகுத்த நிகழ்வுகளில் இதுவும் ஒன்று.

நம் நாட்டிலும் இத்தகைய சாயப்பொருள் அடங்கிய தலைமுடிச் சாய உறைகளில் ஓர் எச்சரிக்கை அச்சிடப்பட வேண்டும் என்பது சட்ட விதி. இமைமுடிக்கோ புருவத்துக்கோ பூசக் கூடாது, பூசினால் பார்வை பறிபோகலாம் என்பதே அவ்வெச்சரிக்கையின் சாரம். வீட்டில் தலைக்கு வாங்கிய சாயத்தில் மீந்ததை இமையிலும் தடவிக்கொள்ளும் பழக்கம் யாருக்கேனும் இருந்தால், அந்த உறையை ஒருமுறை எடுத்துப் படித்துப் பார்க்குமாறு குடும்பத்தினரைக் கேட்டுக்கொள்கிறோம்.

யார் தவிர்க்க வேண்டும்?

பின்வரும் நிலையில் உள்ளவர்கள் கண் மருத்துவரைக் கலந்துகொள்ளாமல் லேஷ் லிஃப்ட் செய்துகொள்ளக் கூடாது.

கண் சிவத்தல், கண்வலி, கண்கட்டி, இமை விளிம்பில் பொடுகுபோல் செதில் படியும் இமை அழற்சி ஆகியவை இருப்போர் அவை முற்றிலும் குணமாகும் வரை காத்திருக்க வேண்டும்.

கண்புரை அறுவை சிகிச்சையோ வேறு கண் அறுவை சிகிச்சையோ செய்துகொண்டவர்கள், தங்களுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அனுமதி தரும் வரை இமைக்கு எவ்வித ஒப்பனையும் செய்யலாகாது. பேத்தியின் திருமணத்தைக் கருதிக் கண்புரை அறுவையை முடித்துக்கொண்ட பாட்டிமாரையும் உடன் அழகு நிலையத்துக்கு அழைத்துச் செல்ல விரும்பும் குடும்பங்கள் இதை மறவாதிருக்க வேண்டும்.

கண் உலர்வு உடையோர், காண்டாக்ட் லென்ஸ் அணிவோர், ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் உடையோர் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். லென்ஸ் அணிவோர் அதனைக் கழற்றிவிட்டே படுக்க வேண்டும். கருவுற்ற தாய்மார்களும் பாலூட்டும் தாய்மார்களும் இதைத் தள்ளிப்போடுவதே நல்லது. இருமல், மூச்சிரைப்பு போன்றவற்றால் ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க இயலாதவர்களுக்கும் இது ஏற்றதன்று.

ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் பணி செய்வோரின் கண்கள் ஏற்கெனவே உறுத்தலுக்கு உள்ளாகியிருக்கலாம். எரிச்சலும் சிவப்பும் உள்ள கண்ணில் மேலும் ஒரு வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டாம்.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பின்

கீமோதெரபி மருந்துகள் சிலவற்றால் இமைமுடியும் புருவமும் உதிர்கின்றன. தலைமுடி உதிர்ந்து சில வாரங்கள் கழித்தே பலருக்கு இமைமுடி உதிரத் தொடங்குகிறது. ‘இதுவாவது தப்பியது’ என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது பெரும் மனவேதனையாக அமைகிறது. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலோர்க்கு முடி மீண்டும் வளர்கிறது. முதலில் முளைப்பவை மெல்லியவையாகவும் குட்டையாகவும் இருக்கும். அவற்றைக் கரைசலால் வளைக்க முயன்றால் முறிந்துவிடும். முடி முழு நீளம் பெற்று, இரத்த அளவுகளும் சீராகி, புற்றுநோய் மருத்துவர் ஒப்புதல் தந்த பின்னரே இதைப் பற்றி எண்ணுங்கள். அதுவரை புருவ மையும் மெல்லிய கண்ணெல்லைக் கோடும் போதும். உடனிருந்து பார்த்துக்கொள்வோர் இந்த ஏக்கத்தைச் சிறிதாக எண்ணிக் கடிந்துகொள்ள வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறோம்.

முடி உதிர்ந்தால் முதலில் காரணத்தைத் தேடுங்கள்

இமைமுடி குறைந்துவிட்டது, அதனால் நிமிர்த்தி அடர்த்தியாகக் காட்ட விரும்புகிறோம் என்று சிலர் வருகின்றனர். இமைமுடி காரணமின்றி உதிர்வது உடலின் உள்ளே நிகழும் மாற்றத்தின் அடையாளமாக இருக்கலாம். தைராய்டு சுரப்புக் குறைபாடு, நாள்பட்ட இமை அழற்சி, புழுவெட்டு, தொழுநோய் ஆகியவற்றில் இமைமுடியும் புருவமும் உதிர்வதுண்டு. இமையில் ஒரே இடத்தில் முடி உதிர்ந்து, அங்கே ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் அது இமைப் புற்றாகவும் இருக்கக்கூடும். இவற்றுள் பலவும் தொடக்கத்தில் கண்டறிந்தால் நன்கு குணப்படுத்தக்கூடியவை. ஒப்பனையால் மறைத்துவிட்டால் காலம் கடந்துவிடும்.

அதுபோலவே, முடி கீழ்நோக்கி இருப்பது வேறு, இமையே தொங்குவது வேறு. ஒரு கண்ணின் இமை திடீரெனத் தொங்கினாலோ, அத்துடன் இரட்டைப் பார்வையோ கடுந்தலைவலியோ இருந்தாலோ, அது நரம்பு சார்ந்த அவசர நிலை. அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். முடி உள்நோக்கி வளர்ந்து கருவிழியை உரசும் நிலையும் உண்டு. அதற்கு லேஷ் லிஃப்ட் தீர்வாகாது. கண் மருத்துவரின் சிகிச்சையே தேவை.

கண் அழுத்த நோய்க்கான சொட்டு மருந்து பயன்படுத்தும் முதியோர் சிலரின் இமைமுடி நீண்டு அடர்வதைக் குடும்பத்தினர் கவனித்திருக்கலாம். பைமேட்டோபுரோஸ்ட் போன்ற மருந்துகளின் பக்கவிளைவு அது. இமைமுடி வளர்ச்சிக்கென்றே இம்மருந்துக்கு 2008-இல் அமெரிக்காவில் அனுமதி வழங்கப்பட்டது. ஆயினும், இமைத்தோல் கறுத்தல், கண் சிவத்தல், கண்ணைச் சுற்றிக் குழி விழுதல் ஆகிய விளைவுகளும் அதற்கு உண்டு. தாத்தாவின் சொட்டு மருந்தைப் பேத்தி எடுத்து இமையில் தடவிக்கொள்ளும் வழக்கம் கூடவே கூடாது.

செய்துகொள்வதென முடிவெடுத்தால்

குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் கரைசலையும் பசையையும் காதின் பின்புறத்திலோ முழங்கையின் உட்புறத்திலோ சிறிதளவு தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா எனப் பார்க்கச் சொல்லுங்கள். இச்சோதனையைத் தேவையில்லை என்பவரிடம் உங்கள் கண்ணை ஒப்படைக்க வேண்டாம். கரைசலின் உறை உங்கள் முன்னிலையில் பிரிக்கப்படுகிறதா, காலாவதி நாள் கடக்கவில்லையா, கருவிகளும் கைகளும் தூய்மையாக உள்ளனவா என்று பாருங்கள். பணியின் நடுவே எரிச்சல் தோன்றினால் பொறுத்துக்கொள்ளாமல் உடனே சொல்லுங்கள். எரிவது இயல்புதான் என்ற சமாதானத்தை ஏற்காதீர்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. தன் கண்ணை மூடியபடி தன் இமையிலேயே இப்பணியைச் செய்ய எவராலும் இயலாது. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் இமைமுடி வளைப்புக்கான தயோகிளைகோலிக் அமிலக் கரைசலைத் தொழில்முறைப் பயன்பாட்டுக்கு மட்டுமே அனுமதிக்கின்றன. அக்கட்டுப்பாட்டின் நோக்கம் நமக்கும் பொருந்தும்.

முடிந்தபின் முதல் 24 மணி நேரம் இமைமுடி நனையக் கூடாது. ஆவி பிடித்தல், கண்மை, எண்ணெய் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். அடுப்படியிலோ ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலோ வெப்பத்தின் அருகே நிற்பவர்கள் அன்று ஓய்வெடுப்பது நல்லது. கவிழ்ந்து படுக்க வேண்டாம். கண்ணைக் கசக்க வேண்டாம்.

கரைசல் கண்ணுக்குள் பட்டுவிட்டால்

இக்கரைசல்கள் பெரும்பாலும் காரத்தன்மை கொண்டவை. காரம் கருவிழிக்குள் விரைந்து ஊடுருவும் இயல்புடையது. எனவே நொடிகள்கூட முக்கியம். லென்ஸ் இருந்தால் கழற்றிவிட்டு, சுத்தமான ஓடும் நீரில் இமைகளை விரித்துப் பிடித்து, குறைந்தது 15 நிமிடங்கள் இடைவிடாமல் கழுவுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய், பன்னீர், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றை ஊற்றாதீர்கள். கழுவி முடித்தபின் கரைசலின் உறையைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு வாருங்கள். மலைமேல் இருப்பவர்கள் ஜீப்புக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் கழுவுவதற்கே பயன்படுத்த வேண்டும். கழுவாமல் கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து போடிக்கு இறங்கி வருவதைவிட, அங்கேயே நன்றாகக் கழுவியபின் வருவதே பார்வையைக் காக்கும்.

நீரில் கழுவிய பின்னும் வலி, சிவப்பு, வெளிச்சம் பார்க்க முடியாமை, மங்கல் பார்வை, இமை வீக்கம் ஆகியவற்றுள் எது இருந்தாலும் மறுநாள் வரை பொறுத்திருக்காதீர்கள். பல மணி நேரம் கழித்தோ ஓரிரு நாள் கழித்தோ தோன்றும் ஒவ்வாமையும் உண்டு. அதையும் அலட்சியம் செய்ய வேண்டாம்.

இறுதியாக ஒரு சொல். வேதிப்பொருள் ஏதுமின்றி, இமைமுடி வளைக்கும் சிறு இடுக்கியைத் தூய்மையாக வைத்து மென்மையாகப் பயன்படுத்தினாலும் ஒரு நாளைய விழாவுக்குப் போதுமான வளைவு கிடைக்கும். மையிட்ட பின் அதை அழுத்தக் கூடாது, ஒருவர் இடுக்கியை மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்பன மட்டுமே விதிகள். இரவில் ஒப்பனையைக் கழுவிவிட்டு உறங்குவதும் போதிய உறக்கமும் கண்ணுக்குத் தெளிவு தரும். எதைத் தேர்ந்தெடுப்பது என்பது உங்கள் உரிமை. தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறை உங்கள் கண்களைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். இதற்கெல்லாமா மருத்துவரிடம் போவது என்று கூச்சப்பட வேண்டாம். கண் கெடும் முன்னர்க் கேட்கப்படும் எந்தக் கேள்வியும் எங்களுக்குச் சிறியதன்று.